பட்டம்மாள் வாங்காத பிரியாணி

கிறிஸ்துமஸ் மதியம் ராயபுரத்தில் பிரியாணிக்குப் பஞ்சமே இல்லை. வருஷம் பூராவும் நடைபாதையில் கிடப்பவர்களை ஏறெடுத்தும் பார்க்காத புண்ணியவான்கள் அன்று வேன் வேனாக வந்து இறங்குவார்கள். மொத்த மளிகை வியாபாரி டென்னிசும் மனைவி ஜெனியோடு வந்தார். பூட்டிக் கிடந்த அவர் கடை வாசலில்தான் பட்டம்மாளும் மகள் எழில்மொழியும் தார்ப்பாய் கட்டி, பனியிலும் கொசுக்கடியிலும் காலம் தள்ளினார்கள்.

டென்னிஸ் பொட்டலத்தை நீட்ட, ஜெனி செல்போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"வாணாம் மொதலாளி," என்றாள் பட்டம்மாள்.

டென்னிசுக்குச் சுருக்கென்றது. "பாத்தியா ஜெனி, வேண்டாமாம்லா. கொழுப்பு."

ஜெனியின் கண் எழில்மொழி மேல் விழுந்தது. வயசுக்கு வந்த பெண், சாக்கின் மேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். "பிள்ளைக்கு என்னம்மா செய்யுது?"

பட்டம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "அடக்கிக்கினு கீதுமா. பொதுக் கக்கூச லீவுன்னு பூட்டிட்டாங்கோ. கட தொறந்திருந்தா பின்னாடி கீற கக்கூசுக்குப் போய்னு வருவோம், கடைப் பசங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்கோ. இப்ப அதுக்கும் புதுப் பூட்டு தொங்குது. பிரியாணி துன்னு தண்ணி குடிச்சா எங்கமா போறது? இருட்டுற வரிக்கும் பல்லக் கடிச்சிக்கினு கெடக்கணும். அதான் நாங்க எதுவும் துன்றதில்ல."

அந்தப் புதுப் பூட்டைப் போட்டவர் டென்னிஸ்தான். லீவில் இதுகள் நாறடித்துவிடும் என்று சொல்லிக்கொண்டேதான் போட்டார். ஜெனி போனைப் பைக்குள் வைத்தாள். கணவன் முகத்தைப் பார்க்க அவளுக்கே கூசியது.

டென்னிஸ் பின்பக்கம் போய்ப் பூட்டைத் திறந்தார். எழில்மொழி சுவரைப் பிடித்தபடி உள்ளே போனாள். பட்டம்மாள் கையில் சாவியைக் கொடுத்தார் அவர்.

"லீவு முட்ஞ்சா திருப்பி வாங்கிக்குவியா மொதலாளி?"

வாங்கிக்கொள்ளத்தான் நினைத்திருந்தார். அந்த நினைப்பு அவரை வெட்கித் தலைகுனிய வைத்தது.

"இல்லம்மா, ஒங்ககிட்டயே இருக்கட்டும்," என்றவர் மனைவி பக்கம் திரும்பினார். "நம்ம வாசல்லயே கெடக்காங்க. ஒங்களுக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்த கேட்டோமா ஜெனி? கேக்காமக் கொடுத்தது தர்மமே இல்ல. நம்ம பெருமைக்குப் பண்ணுனது."