நாலு கிண்ணத்து அலமாரி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் முத்தம்மாவும் நானும் ஒரே கூடத்தில் குடியிருந்துகொண்டு மூன்று மாதம் பேசாமல் இருந்தது உங்களுக்குப் புரியாது.

1927-ஆம் வருடம் அது. மலாயாவில் ஈப்போ என்ற ஊரில், ஒரு சீனர் மளிகைக்கடைக்கு மேலே நீளமான கூடம். மாடிப்படி நடுவில் வந்து முடியும். தெருப்பக்கத்துப் பாதியில் நான், ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் லியோனார்ட், ஒன்பது வயது மகள் ஹில்டா. பின்பக்கத்துப் பாதியில் ரோடு போடும் வேலைக்குப் போன ஐயாவு அண்ணன், அவர் மனைவி முத்தம்மா, எட்டு வயது நல்லம்மாள். நடுவில் ஒரு கயிறு, அதில் ஒரு பழைய சேலை. எங்களுக்கு அதுதான் சுவர்.

சண்டை கருவாட்டால் வந்தது. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் முத்தம்மா சேலை காயப்போட்டிருந்தாள். அதைப் பார்க்காமல் அதற்கு மேலேயே நான் கருவாட்டைத் தொங்கவிட்டேன். வெள்ளிக்கிழமை அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பியவள், பாதி வழியில் கருவாட்டு வாடை தெரிந்து திரும்பி வந்தாள். "சில பேருக்கு மூக்கே கெடையாது போல" என்று தூணைப் பார்த்துச் சொன்னாள். "சில பேருக்கு வாய் மட்டும்தான் இருக்கு" என்று நான் ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன். அன்றிலிருந்து தூணும் ஜன்னலும்தான் பேசிக்கொண்டன.

அந்த நேரத்தில் எனக்கு வேறு ஒரு கவலையும் இருந்தது. ஹில்டா வளர்ந்தது சுங்காய்ப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அங்கே பள்ளிக்கூடம் இல்லை. ஈப்போவுக்கு வந்ததும் கன்னியர் மடத்துப் பள்ளிக்கு அழைத்துப் போனேன். ஜனவரிக்குள் தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும் வாசிக்கக் கற்றுக்கொண்டு வந்தால் அவள் வயதுப் பிள்ளைகளோடு சேர்த்துக்கொள்வதாகச் சிஸ்டர் சொன்னார். இல்லையென்றால் ஐந்து வயதுக் குழந்தைகளோடு உட்கார வேண்டும். "அப்படின்னா நான் போவமாட்டேன்" என்று ஹில்டா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோபத்தில் என் மகள்தானே!

நான் பினாங்கில் நாலாம் வகுப்புவரை படித்தவள். வீட்டிலேயே நானே சொல்லித்தருகிறேன் என்று சிஸ்டரிடம் ஐந்து புத்தகம் இரவல் வாங்கினேன். "பத்திரம். ஒன்று கெட்டால் மற்றதையும் திருப்பி வாங்கிக்கொள்வேன்" என்றார். தோட்டத்தில் நான் வைத்திருந்த ஒரே அரிச்சுவடியைக் கரையான் தின்று அட்டையை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. ஈப்போவில் கரையானுக்குப் பதில் கரப்பான். புத்தக முதுகில் இருக்கும் பசை என்றால் அதற்கு உயிர்.

லியோனார்ட் ஷெட்டிலிருந்து ஒரு மரப்பெட்டி கொண்டுவந்தார். ஒரே வாரத்தில் அதில் கரப்பான் குடும்பம் நடத்தியது. தகரப் பெட்டி வாங்கலாம் என்றால் எங்கள் பாதியில் மழை ஒழுகும். ஈரத்தில் தாள் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் ஒரு சனிக்கிழமை இருவரும் சீனத் தச்சர் கடைக்குப் போனோம்.

அங்கே கண்ணாடிக் கதவு போட்ட ஒரு அலமாரி நின்றது. பார்த்ததும் என் மனம் போய்விட்டது. லியோனார்ட் குடையை வைத்து அகலத்தை அளந்தார்.

"உள்ள வைக்கலாம் கெர்ட்ரூட். ஆனா கதவத் தொறக்கிறப்போ நாம மூணு பேரும் படியில எறங்கி நிக்கணும்."

"அப்ப எதத்தான் வாங்குறது?"

"அதோ பாரு. கம்பிவலை போட்டது. ஒல்லியா இருக்கு, காலும் நல்லா ஒசரம். அடியில கூட்டிப் பெருக்கலாம்."

"அது கறிச்சட்டி வைக்கிறதுலா! அதுல புக்க வச்சா சிஸ்டர் சிரிப்பாங்க."

"சிஸ்டர் நம்ம வீட்டுக்கா வரப் போறாங்க? நாலு காலையும் நாலு கிண்ணத்துத் தண்ணியில நிப்பாட்டிட்டா ஒரு எறும்பு ஏறாது, கரப்பான் ஏறாது. நமக்கு அதானே வேணும்."

அதில் புத்தகம் வைக்கப் போகிறோம் என்றதும் தச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். "மாக்கான்! மாக்கான்!" என்று வாயில் சோறு போடுவதுபோல் காட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அதைத்தான் வாங்கினோம்.

வைக்க இடம்? ஜன்னல் ஒரு பக்கம், படி ஒரு பக்கம், மீதிச் சுவர் ஒழுகும். சேலை தொங்கிய நடு இடம்தான் மிச்சம். லியோனார்ட் ஐயாவு அண்ணனிடம் கேட்டார். "அதுக்கென்ன மச்சான், வச்சிக்கலாம்" என்றார் அவர். முத்தம்மா தூணிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை. சேலையை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, அலமாரியின் முன்பக்கம் எங்களுக்கு, முதுகு அவர்களுக்கு என்று நிறுத்தினோம். கால்களுக்கு நடுவே இரண்டு அடி உயரம் திறந்திருந்தது. நான் ஒரு பழைய வேட்டியை எடுத்து, முதுகுப் பக்கம் தரைவரை தொங்கவிட்டேன். என் மகள் படிப்பதை யாரும் வேடிக்கை பார்க்க வேண்டாம் என்பதுதான் எண்ணம். வெறும் வீம்பு, வேறொன்றுமில்லை.

தினமும் பாடம் நடந்தது. அலமாரிக்கு முன்னால் ஒரு பலகை, அதில் புத்தகம், அதன் முன்னால் ஹில்டா. மறுநாள் காலையில் பார்த்தால் வேட்டியின் ஒரு முனை தூக்கிச் செருகியிருக்கும். கீழ்க்கடைப் பூனையின் வேலை என்று திட்டிக்கொண்டே இழுத்துவிடுவேன். முன்கால் இரண்டு கிண்ணத்திலும் குறையக் குறைய நான் தண்ணீர் ஊற்றினேன். பின்கால் கிண்ணங்கள் அந்தப் பாதியில் இருந்தன. அங்கே கால் வைப்பேனா நான்? அவை வற்றாமலே இருந்தன. பின்பக்கம் வெயில் படாது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். பூனைக்கு வேட்டியைச் செருகத் தெரியுமா என்றும் நான் யோசிக்கவில்லை.

தண்ணீர் விஷயத்தில் எனக்கு ஏற்கெனவே ஒரு பயம் உண்டு. ஆகஸ்டில் கொசு ஒழிப்புக்கு வந்த சானிட்டரி இன்ஸ்பெக்டர் எங்கள் தண்ணீர்ச் சாடியில் கொசுப்புழு கண்டுபிடித்து, என் பெயரை எழுதிக்கொண்டு போயிருந்தார். அடுத்த தடவை என்றால் வழக்கு. வழக்கு வந்தால் வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்று வீட்டுச் சொந்தக்காரரான கீழ்க்கடைக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். எங்களுக்கு வேறு போக்கிடம் சுங்காய்த் தோட்டம்தான். அங்கே போனால் மடமும் இல்லை, ஜனவரியும் இல்லை. அதிலிருந்து சாடியைத் தினமும் கவிழ்த்துக் கழுவினேன். அலமாரிக் கிண்ணங்கள் மட்டும் என் நினைப்பிலேயே இல்லை.

நவம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. நானும் ஹில்டாவும் கீழே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு படியேறி வந்தோம். பாதிப் படியில் மேலே அந்த இன்ஸ்பெக்டரின் குரல் கேட்டது.

"கிண்ணத்துல பாரு, புழு எப்படி நெளியுது! இந்த அலமாரி யாருது?"

ஊற்ற ஊற்றத் தண்ணீர் நிறைந்ததே தவிர, ஒரு நாளாவது கொட்டிக் கழுவினேனா? முத்தம்மா என் பெயரைச் சொன்னால் போதும். கருவாட்டுக்கும் வேட்டிக்கும் சேர்த்துக் கணக்கு வட்டியோடு தீர்ந்துவிடும். வாளியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

"எங்களுதுதாங்க ஐயா" என்றாள் முத்தம்மா.

"உள்ள புஸ்தகமால்ல இருக்கு? ஒனக்குப் படிக்கத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாதுங்க. எம் மவ படிக்கிறா."

நல்லம்மாள் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள். ஐயோ, மாட்டிக்கொண்டாளே என்று நினைத்தேன். இன்ஸ்பெக்டர் சிரித்தார். "அப்படியா? இந்தா பாப்பா, நோட்டீசு. படி பாப்போம்."

நான் இரண்டு படி ஏறித் தலையை மட்டும் நீட்டிப் பார்த்தேன். நல்லம்மாள் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். ஒரு நிமிஷம் முழித்தாள். பிறகு அதைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டாள்.

கூட வந்திருந்த பியூன் விழுந்து விழுந்து சிரித்தான். "பாப்பா, கவுத்துப் புடிச்சிருக்க!"

அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. விரலை வலமிருந்து இடமாக வைத்து, எழுத்து எழுத்தாக ஆரம்பித்தாள். "தே... தேங்கிய... நீரைக்... கொட்டிவிட வேண்டும். கொட்ட இயலாத... இடங்களில்... வாரம் ஒரு முறை... மண்ணெண்ணெய்... விட வேண்டும்."

பியூனின் சிரிப்பு நின்றது. இன்ஸ்பெக்டர் குனிந்து காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"கேட்டீங்களா ஐயா" என்றாள் முத்தம்மா. "எண்ண ஊத்துனா போதுமாம். இன்னிக்கே கழுவி ஊத்திடுறோம்."

முதல் தடவை என்று அவள் பெயரை எழுதிக்கொண்டு, அடுத்த வாரம் வருவேன் என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். நான் படியின் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டேன்.

மேலே போய் வாளியை வைத்தேன். தூணும் ஜன்னலும் அங்கேதான் இருந்தன. நான் முத்தம்மாவைப் பார்த்தே கேட்டேன்.

"எதுக்குக்கா ஒங்க பேரச் சொன்னீங்க?"

"ஒம் பேர ஏற்கெனவே எழுதிட்டுப் போயிருக்காரு. எம் பேரு சும்மாதானே இருந்துச்சு."

"பின்னால கிண்ணத்துக்குத் தண்ணி..."

"நாந்தான் ஊத்துனேன். கரப்பான் ஏறி புஸ்தகத்தத் தின்னுட்டா இவ எதப் பாத்துப் படிப்பா? தெனமும் இங்கதான் குப்புறப் படுத்துக் கெடக்குறா." அலமாரியின் அடியைக் காட்டினாள்.

நான் அந்தப் பக்கம் போய்க் குப்புறப் படுத்துப் பார்த்தேன். தொங்கும் வேட்டிக்குக் கீழே தலையை விட்டால், இரண்டு காலுக்கு நடுவில் எங்கள் பலகை தெரிந்தது. அதில் ஹில்டாவின் புத்தகம் திறந்திருந்தது. ஒவ்வொரு எழுத்தும் தலைகீழாக நின்றது. இப்படியா இந்தப் பிள்ளை இத்தனை நாளும் படித்தது? முனையைச் செருகி வைத்த பூனை யார் என்று அப்போதுதான் உறைத்தது. இழுத்து இழுத்து மூடியது என் கைதானே. படுத்த இடத்திலேயே அழுதுவிட்டேன்.

"எந்திரி கெர்ட்ரூட், தரையெல்லாம் தண்ணி" என்றாள் முத்தம்மா.

அன்று சாயங்காலமே லியோனார்டும் ஐயாவு அண்ணனும் அலமாரியைத் தூக்கி முத்தம்மாவின் சுவரோரம் வைத்தார்கள். நடுவில் எதையும் தொங்கவிடவில்லை. வேட்டியைக் கிழித்துச் சிலேட்டு துடைக்க வைத்துக்கொண்டோம். கிண்ணங்களில் மண்ணெண்ணெய் விட்டோம். அதன் பிறகு எங்கள் பாடம் எல்லாவற்றிலும் அந்த நாற்றம்தான்.

இரண்டு பிள்ளைகளையும் அடுத்தடுத்து உட்காரவைத்தேன். நல்லம்மாள் புத்தகத்தைப் பார்த்து முகம் சுளித்தாள். "அத்தே, இங்கேருந்து பாத்தா எழுத்தெல்லாம் கவுந்து கெடக்கு." நேராகப் படிக்க அவளுக்கு இரண்டு வாரம் ஆனது. முத்தம்மா சோறு கிளறிக்கொண்டே காதை இந்தப் பக்கம் வைத்திருப்பாள்.

ஜனவரியில் ஐந்து புத்தகத்தையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மடத்துக்குப் போனோம். முத்தம்மாவும் நல்லம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "நாங்க சும்மா பாக்கத்தான் வாரோம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். கையில் மகளின் விரலை நசுக்கிப் பிடித்திருந்தாள்.

சிஸ்டர் ஒவ்வொரு புத்தகமாகப் புரட்டிப் பார்த்தார். ஒன்றை மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தார், பிறகு அடுத்ததை எடுத்தார். ஹில்டா தமிழும் இங்கிலீஷும் தடுக்காமல் வாசித்தாள். அவள் பெயரை எழுதிக்கொண்டார். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

"இது யார்?" என்றார், முத்தம்மாவின் பின்னால் ஒளிந்து நின்றவளைப் பார்த்து.

"இவளும் எங்க வீட்டுலதான் படிச்சா சிஸ்டர்" என்றேன்.

அவளை மேஜைக்கு எதிரே வந்து நிற்கச் சொன்னார். தமிழ்ப் புத்தகத்தைத் தன் பக்கமாகத் திறந்துவைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்கு ஏற்ற பக்கமாகத் தேடினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, அவள் பக்கம் திருப்பப் போனார். அதற்குள் நல்லம்மாள் வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். எதிரே நின்றபடியே, முதல் வரியிலிருந்து, விரல்கூட வைக்காமல்.

சிஸ்டரின் கை புத்தகத்தின்மேல் அப்படியே நின்றது. பக்கம் முடியும்வரை அவர் அதைத் திருப்பவே இல்லை. பிறகு பேனாவை எடுத்து மையில் தொட்டு, பெயர் என்ன என்று கேட்டார். நானும் முத்தம்மாவும் ஒரே நேரத்தில் சொன்னோம்.