இன்ஸ்பெக்‌ஷன் கோட்டு

சூப்பிரண்டெண்ட் நிர்மலா பீரோவைத் திறந்து வெள்ளைக் கோட்டை உதறியபோது அறை முழுக்க அந்துருண்டை நாற்றம். மார்பில் நீல நூலால் 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்று தைத்திருந்தது. இன்ஸ்பெக்‌ஷன் முடிகிறவரை கழற்றக் கூடாது என்றார். கார்குழலி போட்டுக்கொண்டாள். தோள் தொளதொளவென்று தொங்கியது. போன வருஷம் இதைப் போட்டிருந்தவள் இப்போது துபாயில் இருக்கிறாள். பிழைக்கத் தெரிந்தவள்.

இரண்டு வருஷம் ஐ.சி.யு.விலேயே கிடந்து படித்த படிப்பு. நோயாளியைப் பார்த்து, வகுத்துவைத்த வரம்புக்குள் எந்த மருந்தை ஏற்றுவது, எதைக் குறைப்பது என்று தானே முடிவெடுக்கும் நர்ஸாகலாம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். பாஸ் பண்ணியதும் அதே ஆஸ்பத்திரியில், அதே கட்டில்களுக்கு, ஸ்டாஃப் நர்ஸ் வேலை கொடுத்தார்கள். மாணவியாகக் கைவைத்த மருந்தில் இனிமேல் கைவைக்கக் கூடாதாம்; டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டுமாம். படிக்கிறவள் செய்யலாம், படித்து முடித்தவள் செய்யக் கூடாது. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது? அப்படியொரு பதவியே இங்கே இல்லையென்று நிர்மலா கைவிரித்துவிட்டார். பதவி இல்லை, கோட்டு மட்டும் இருக்கிறது.

நர்சிங் கவுன்சிலிலிருந்து ஆய்வுக்கு வந்த அம்மாள் அமைதியானவராகத் தெரிந்தார். சுவரோரம் மாணவிகள் வரிசையாக நின்றார்கள். முதலில் நின்றவள் துர்கா, முத்தியால்பேட்டைப் பெண். இந்தப் படிப்புக்காக நிச்சயமான கல்யாணத்தையே தள்ளிவைத்திருப்பவள். வார்டில் கார்குழலிக்கு வாலாகத் திரிபவள்.

மருந்தின் அளவை நீங்களே மாற்றுகிறீர்களா என்று அந்த அம்மாள் கேட்டார். 'ஆமாம் மேடம்' என்று சொல்ல நேற்றே பாடம் பண்ண வைத்திருந்தார்கள். கார்குழலிக்கு வயிறு எரிந்தது.

"படிக்கிறப்ப மாத்தினேன் மேடம். பாஸ் பண்ணதுக்கப்புறம் தொடவிடறதில்ல. நான் வெறும் ஸ்டாஃப் நர்ஸு. இந்தக் கோட்டு காலையிலதான் குடுத்தாங்க."

பிள்ளைக்கு நைட் டியூட்டி அலுப்பு என்று நிர்மலா சிரித்து மழுப்பினார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. பேனாவை மூடிவிட்டு, கல்லூரி முதல்வரோடு தனியாகப் பேச வேண்டுமென்று எழுந்து போனார். படிப்புக்கு அனுமதி நீடிக்குமா என்பது இனி கவுன்சில் கையில்.

கார்குழலி கோட்டைக் கழற்றி நிர்மலாவின் மேஜைமேல் போட்டுவிட்டு வார்டுக்குத் திரும்பினாள். மருந்து டிராலிக்குப் பக்கத்தில் துர்கா வழிமறித்தாள். கண் சிவந்திருந்தது.

"எங்க அடிமடியில கைய வச்சிட்டீங்களேக்கா. ஒரு ஆமாம் சொன்னா இன்னா கொறஞ்சிடும்? நீங்க பாஸ் பண்ணிட்டீங்க. எனக்கு இன்னும் ஆறு மாசம் இருக்குது."

பாஸ் பண்ணி என்னத்தைக் கிழித்தேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் அழுகையும் சேர்ந்து வந்துவிடும். இவளுக்காகவும்தானே வாயைத் திறந்தோம் என்று நினைத்தபோது, தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. துர்கா கேட்டதில் தப்பே இல்லை.

அதற்குள் நாலாம் கட்டிலில் மானிட்டர் கூவியது. வீராம்பட்டினத்து மீனவர், ரத்தத்தில் கிருமி ஏறிப் படுத்திருப்பவர், பி.பி. சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. இருவரும் ஓடினார்கள். அந்தக் கட்டில் கார்குழலியின் பொறுப்பு. டாக்டர் விஜயராகவனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

துர்கா காத்திருக்கவில்லை. நரம்பில் மருந்து செலுத்தும் பம்பின் பொத்தானை அழுத்தி, பி.பி.யைத் தூக்கும் மருந்தை ஒரு படி ஏற்றினாள். மாணவிக்கு அது பாடத்தில் சேர்த்தி; வரம்புக்குள் இருந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கொஞ்ச நேரத்தில் திரையில் எண் மெல்ல ஏறத் தொடங்கியது. அழுத முகத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

போனில் டாக்டர் வந்தார். கார்குழலி நிலைமையைச் சொன்னாள். பிறகு, கேட்டே ஆக வேண்டியதைக் கேட்டாள்.

"மருந்த ஒரு படி ஏத்தலாங்களா டாக்டர்?"

அவர் யோசித்தார். ஏற்றச் சொன்னார்.

"சரிங்க டாக்டர்."

துர்கா திரும்பிப் பார்த்தாள். விரல் இன்னும் பொத்தான்மேலேயே இருந்தது. கார்குழலியின் கையிலிருந்த போனைப் பார்த்தாள். ஏறிவிட்டிருந்த எண்ணைப் பார்த்தாள். மறுபடி கார்குழலியைப் பார்த்தாள். விரலை எடுக்கவேயில்லை.