நாலு கிளிப்

மும்பை செம்பூர் ஆஸ்பத்திரியின் கருத்தரங்கு அறையில் வெள்ளைக் கோட்டு போட்ட நாற்பது டாக்டர்கள் இருந்தார்கள். கிளிப் விற்கிற கம்பெனியிலிருந்து டை கட்டிய இரண்டு பேர். மைக்கைச் சரிபார்க்கிற ஒருவர். கடைசி வரிசையில், தாராவியிலிருந்து வந்த சந்தியாகுவும் அவர் மனைவி லூசியம்மாளும்.

சந்தியாகு டிராம்பேயில் எண்ணெய்த் தொட்டி கழுவுகிற காண்டிராக்ட் ஆள். போன வருஷம் மூத்திரம் முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகத்தான் போனது. தொட்டிக்குள் இறங்கினால் நினைத்த நேரத்துக்கு வெளியே வர முடியாது. புதுமுறை, கத்தி வேண்டாம், காசும் வேண்டாம் என்று இதே ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். டாக்டர்கள் சுற்றி நின்று கற்றுக்கொள்ள, அவருடைய புராஸ்டேட் சுரப்பியை இழுத்துப் பிடித்து நாலு உலோகக் கிளிப் குத்தினார்கள். அவரிடம் சொன்னது, "உள்ளே சின்னத் தையல்." மூத்திரம் நன்றாகப் போனது, அதில் பொய்யில்லை.

வேலைக்கான இந்த வருஷ மெடிக்கல் சோதனையில் ரத்தத்தில் ஏதோ கூடுதல் என்று எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். உடம்பில் மெட்டல் இருக்கிறதா என்று கேட்டதும் கழுத்தில் கிடந்த உத்தரியப் பதக்கம், வெள்ளி அரைஞாண், சாவி எல்லாவற்றையும் கழற்றி லூசியம்மாள் கையில் கொடுத்துவிட்டு, "இல்ல" என்றார். படத்தில் சுரப்பி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் குழிகள். "பொய் சொல்லிட்டா மிஷினுக்குள்ள படுத்த?" என்று ஸ்கேன்காரன் கத்தினான். கிளிப்பின் நிழல் மறைக்கிறது, அங்கே புற்றுநோய் இருந்தாலும் தெரியாது என்று எழுதிக் கொடுத்தார்கள். நோய் உண்டா இல்லையா என்று தெரிகிறவரை கம்பெனி கேட்டுக்குள் கால் வைக்காதே என்று சூப்பர்வைசர் நாணு சொல்லிவிட்டான்.

ஸ்கேன் எடுத்த சேதி தெரிந்து, படத்தோடு வரச்சொல்லி கிளிப் போட்ட ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது லூசியம்மாள் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். "பெரிய டாக்டருவ பாக்கப்போறாவளாம். இன்னைக்கே முடிவு தெரிஞ்சிரும்."

கருத்தரங்கு அறைத் திரையில் சந்தியாகுவின் படம் விழுந்தது. சுவரளவு. பெரிய டாக்டர் இங்கிலீஷில் பேசப் பேச, சிவப்புப் புள்ளி கறுப்புக் குழிகளைச் சுற்றி ஓடியது. யாரோ ஜோக்கடித்தார். அறையே சிரித்தது.

"என்னவாம்?" என்றாள் லூசியம்மாள்.

"நான் ஒண்ணுக்குப் போற இடத்தச் சொவத்துல போட்டுச் சிரிக்கானுவ."

"சும்ம இரும். முடிவு சொல்லுவாவ."

கைதட்டினார்கள். அடுத்து வேறொருவருடைய படம் வந்தது. சந்தியாகு எழுந்தார்.

"டாக்டர், எனக்கு கேன்சர் இருக்கா, இல்லியா?"

நாற்பது தலைகளும் திரும்பின. மாட்டுங்காவில் வளர்ந்த, தமிழ் தெரிந்த இளம் டாக்டர் வைதேகி வேகமாக வந்தாள். "இன்னிக்கு அது டாபிக் இல்லை, அங்கிள். ட்ரீட்மெண்டுக்கு அப்புறம் படம் எப்படி மாறும்னு மட்டும்தான் பார்க்கறோம். சதை எடுத்து டெஸ்ட் பண்ணினாதான் உங்களுக்குத் தெரியும். அதுக்குக் கீழே பில்லிங்ல பணம் கட்டணும்."

"கிளிப்பு போடையில காசு வேண்டாம்னியள்லா?"

"அது டெமோ, அங்கிள்."

"மெட்டல்னு ஒரு வார்த்த சொன்னியளாம்மா?" லூசியம்மாள் எழுந்துவிட்டாள். "நீங்க படிக்கதுக்கு எங்க வீட்டு ஆளு ஒடம்புதான் கெடச்சுதா?"

டை கட்டிய ஒருவன் சிரித்தபடி வந்து சந்தியாகுவின் தோளைப் பிடித்து வாசல்வரை நடத்தினான். லூசியம்மாள் பின்னாலேயே வந்தாள்.

"என் படத்தக் குடுங்க."

"இங்கேயே இருக்கட்டும், சாச்சா," என்றான் இந்தியில். "அடுத்த மாசம் தாணேயிலும் காட்டணும். நல்ல கேஸ்."

அவர்கள் வராந்தாவில் கால் வைத்ததும் கதவு மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து பூட்டினார்கள்.