பார்க்காமல் மாற்றிக்கொண்டது

கதவைத் தட்டிய பெண் வாசலிலேயே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும், இது நல்ல சேதி இல்லை என்று குளாஃபிராவுக்குத் தோன்றிவிட்டது. வந்தவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், அது நிறையக் களிமண். பெயர் நெல்லி என்றாள். வோல்காகிராதில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. விடுமுறை நாட்களில், போரில் விழுந்து புதைக்கப்படாமல் போனவர்களின் எலும்புகளைத் தேடி எடுக்கும் குழுவோடு சுற்றுகிறவள். இந்த மாதிரிச் சேதியைப் பல வீடுகளில் சொல்லிப் பழகியவள் போலிருந்தது. வீட்டுக்காரி அவளை உட்காரச் சொல்வதற்குள், அவள் வீட்டுக்காரியின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"அம்மா, எஃபிம் லுகிச் கொரப்லின் உங்களுக்கு என்ன வேணும்?"

"புருஷன்."

நெல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அறுபத்தொரு வருஷம் காத்திருந்துட்டீங்க. அவரக் கண்டுபிடிச்சிட்டோம்மா."

"அப்படியா? எங்க இருந்தாரு?"

"வோல்கா கரையில, ஒரு ஓடைச் சரிவுல. தண்ணி வாளியோட கெடந்தாரு. பக்கத்துல அவரு பேரு கீறின கரண்டி இருந்துச்சு."

"அப்ப அடுப்படியில உக்காந்து கஞ்சிக்கு உப்பு பத்தலைன்னு சொல்லிட்டிருக்கிறது யாரு?" குளாஃபிரா கழுத்தைத் திருப்பினாள். "ஏ கெழவா! வெளிய வா. நீ செத்துப் போயிட்டியாம். வந்து என்னன்னு கேளு!"

எஃபிம் லுகிச் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். எண்பத்திரண்டு வயது. தலையில் ஒரு முடி கிடையாது. தன் சாவுச் சேதியை நேரில் கேட்கும் யோகம் எல்லாருக்கும் வாய்க்காது, ஆகையால் முதலில் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. நெல்லிக்கு முகம் சிவந்துவிட்டது. கரண்டியில் இருந்த பெயரைப் பழைய படைப் பட்டியலில் தேடி, அதில் கண்ட சொந்த ஊர்ச் சபைக்கு எழுதிக் கேட்டதில், கொரப்லின் குடும்பம் இப்போது கமீஷினில் இருக்கிறது என்று விலாசம் மட்டும்தான் தந்தார்களாம். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். காம்பு பாதி ஒடிந்த அலுமினியக் கரண்டி. குழிவுக்குள் ஆணியால் கீறிய எழுத்துகள், கடைசி எழுத்து கோணிப்போய். அந்தக் கோணலைப் பார்த்ததும் எஃபிம் லுகிச்சின் சிரிப்பு நின்றது. ஆணி வழுக்கி விரலைக் கிழித்த இடம் அது.

"கூடவே கறுப்புக் குப்பி ஒண்ணும் இருந்துச்சு" என்றாள் நெல்லி. "பேரு, ஊரு எழுதி உள்ள வெச்சுக்கச் சொல்லி எல்லாருக்கும் குடுத்தாங்களே, அது. மூடி இறுக்கமாத்தான் இருந்துச்சு, தண்ணிகூட எறங்கல. ஆனா உள்ள தாளே இல்ல."

"இருக்காது" என்றார் எஃபிம் லுகிச். மேஜையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். "அது தீஹன். தீஹன் வாரென்த்சவ்."

வோல்காகிராதுக்கு அந்தக் காலத்தில் ஸ்டாலின்கிராத் என்று பெயர். அங்கே நடந்த சண்டையைப் பற்றி எழுதிய புத்தகங்களில் பெரிய பெரிய அம்புக்குறிகள் போட்ட வரைபடங்கள் உண்டு. போரே அங்கேதான் திரும்பியது என்று அவற்றில் எழுதியிருக்கும். எஃபிம் லுகிச் அதை மறுக்கிறவர் இல்லை. ஆனால் அந்தப் பெரிய சண்டையில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் இடிந்த செங்கல் சூளையின் ஒரு நிலவறை, அதன் முன்னால் ஒரு தெரு, பின்னால் முந்நூறு அடி தள்ளி ஆறு. நாற்பத்திரண்டு அக்டோபரில் பதினோரு நாள் அங்கே இருந்தார். ஆற்றைப் பார்த்தபடியே தாகத்தில் நாக்கு வறண்டு சாகலாம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டார். அந்த முந்நூறு அடியையும் ஜெர்மன்காரன் துப்பாக்கி ஒன்று பார்த்துக்கொண்டேயிருந்தது. தினமும் விடிவதற்கு முன் வாளியோடு ஊர்ந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தவன் தீஹன். முறை வைத்துக்கொள்ளலாம் என்றால் கேட்கமாட்டான். "நீ போனா பாதி வாளியச் சிந்திட்டு வருவ. உன் கை லட்சணம் எனக்குத் தெரியாதா?" என்பான். அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் எஃபிம் பதினோரு நாள் உயிரோடு இருந்தார். அதற்குப் பிறகு கிடைத்த அறுபது வருஷத்தையும் அந்த வாளியில் இருந்துதான் மொண்டு குடித்துக்கொண்டிருப்பதாக அவருக்கு ஒரு நினைப்பு.

போர்முனையில் ஒரு விளையாட்டு உண்டு. பார்க்காமல் மாற்றிக்கொள்வது. ஒருவன் கேட்பான், மற்றவன் சரி என்பான். ஆளுக்கொரு பொருளைச் சட்டைக்கைக்குள் ஒளித்து, ஒரே நேரத்தில் கைமாற்றிக்கொள்ள வேண்டும். கடிகாரம் கொடுத்துத் துருப்பிடித்த ஆணி வாங்கினாலும் முகம் சுளிக்கக்கூடாது, திருப்பிக் கேட்கவும் கூடாது. நாளைக்கு இருப்போமா என்று தெரியாதவர்களுக்கு அது ஒரு சந்தோஷம். பத்தாம் நாள் தீஹனும் எஃபிமும் மாற்றிக்கொண்டார்கள். எஃபிம் கொடுத்தது கரண்டி. அவருக்குக் கிடைத்தது எலும்பில் செய்த ஒரு பெண்பிள்ளைச் சீப்பு. பேனுக்குப் பயந்து எல்லாருக்கும் மழுங்க மொட்டையடித்திருந்த காலம். மொட்டைத் தலையில் அவர் சீப்பை வைத்து வாரிக் காட்ட, நிலவறையில் இருந்த ஒன்பது பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அதே இரவில் நடந்த இன்னொன்றை எஃபிம் லுகிச் அறுபது வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. தீஹன் குப்பியைத் திறந்து, தாளை முழங்கால்மேல் விரித்து, பென்சிலை நாக்கில் நனைத்தான். எழுதினால் சாவு தேடிக்கொண்டு வரும் என்பது படை முழுக்கப் பரவியிருந்த நம்பிக்கை. அதிகாரிகள் கத்தினாலும் பாதிப் பேர் எழுதமாட்டார்கள். எஃபிம்தான் அவன் கையைப் பிடித்தார். "எழுதாதடா. எழுதினவன் எவன் தப்பிச்சான்?" என்றார். புகையிலை இருந்தது, சுற்றத் தாள் இல்லை. அந்தத் தாளிலேயே சுற்றி இருவரும் மாற்றி மாற்றிப் புகைத்தார்கள். மறுநாள் விடிவதற்கு முன் வாளியோடு போன தீஹன் திரும்பவில்லை. அன்று சாயங்காலமே எஃபிமின் இடுப்பில் குண்டுச் சில்லு பாய்ந்து, படகில் அக்கரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நவம்பரில் ஜெர்மன் படையை நம் ஆட்கள் வளைத்துவிட்ட சேதி வந்தபோது ஆஸ்பத்திரியே எழுந்து ஆடியது. எஃபிம் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

போர் முடிந்ததும் தீஹனின் ஊருக்கு ஒரு கடிதம் போட்டுப் பார்த்தார். அப்படி யாரும் இங்கே இல்லை என்று திரும்பி வந்தது. எல்லாவற்றையும் சொல்லி முடித்தவர், தாள் விஷயத்தை மட்டும் நெல்லியிடமும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து நெல்லி போன் செய்தாள். தீஹனுக்கு ஒரு மகள் இருக்கிறாளாம், பெயர் ராயிசா. அவன் போருக்குப் போய் ஐந்து மாதம் கழித்துப் பிறந்தவள். தாயும் மகளும் மரம் வெட்டும் ஊருக்குக் குடிபோனதால்தான் அன்றைக்குக் கடிதம் சேரவில்லை. தாய் இறந்துவிட்டாள். மே மாதம் நடக்கும் அடக்கத்துக்கு மகள் வருகிறாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கிழவர் மனைவியிடம் தாளைப் பற்றிச் சொன்னார். குளாஃபிரா ரொட்டி வெட்டுவதை நிறுத்தவில்லை.

"அவகிட்டச் சொல்லப் போறியா?"

"சொல்லணும்."

"எதுக்கு? அப்பன் கெடைச்சான்னு நிம்மதியா வர்றவ. உன் பாரத்த எறக்கி வைக்க அவ தலைதான் கெடைச்சுதா? யாருக்குத் தெரியும் இது?"

"எனக்குத் தெரியுமே."

குளாஃபிரா வெட்டிய துண்டை அவர் தட்டில் வைத்தாள். கோபம் வந்தால் பேசுகிறவள், கோபம் இல்லாதபோதுதான் பேசாமல் இருப்பாள்.

மே மாதப் புல்வெளியில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. சிவப்புத் துணி போர்த்திய சின்னச் சின்னப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. மற்றவற்றின்மேல் 'பெயர் தெரியாதவர்' என்று எழுதியிருந்தது. ஒன்றின்மேல் மட்டும் தீஹன் வாரென்த்சவ். ராயிசா பெரிய கைகளும் அகன்ற தோளுமாக இருந்தாள். தாயின் கல்லறையிலிருந்து எடுத்துவந்த மண்ணைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தாள். பெட்டி இறங்கியதும் அதைப் பிரித்து உள்ளே தூவினாள். அப்பா வைத்திருந்த பொருள் என்று நெல்லி அவளிடம் கரண்டியைக் கொடுத்தாள். அதில் கீறியிருந்த பெயரைப் படித்துவிட்டு ராயிசா கிழவரைத் தேடி வந்தாள்.

"நீங்கதானே எஃபிம் லுகிச்? நீங்க இல்லேன்னா எங்கப்பாவும் அந்தப் பேரில்லாத பெட்டியில ஒண்ணாப் போயிருப்பாரு."

நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் கிழவருக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது. அவள் முடிப்பதற்குள், நின்ற இடத்திலேயே, தாள் கதையைச் சொல்லிவிட்டார். கொஞ்சமும் மெழுகாமல் சொன்னார். அவன் எழுத உட்கார்ந்தது, தான் கையைப் பிடித்தது, புகைத்தது. சொல்லி முடித்து, அடிக்கு நிற்கிறவர் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டார். பின்னால் நின்ற குளாஃபிரா அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

ராயிசா காலிக் கைக்குட்டையை நான்காக மடித்தாள். பேசியபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "'காணவில்லை'ன்னுதான் எங்களுக்குச் சர்க்கார் கடுதாசி வந்துச்சு. காணாமப் போனவன் பொண்டாட்டிக்கு ஒரு மரியாதையும் கெடையாது. எதிரிகிட்ட ஓடிட்டான்னு எங்கம்மா மூஞ்சிக்கு நேராவே சொன்னாங்க. பள்ளிக்கூடத்துல என்னையும் சொன்னாங்க. அந்தக் குப்பியில பேரு இருந்து, அப்பவே யாராவது எடுத்துப் பாத்திருந்தா அதெல்லாம் இல்ல."

"ஆமாம்மா."

"இன்னொண்ணு கேக்கட்டுமா? அதப் புகைக்கும்போது எங்கப்பா என்ன சொன்னாரு?"

கிழவர் நிமிர்ந்தார். இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "'என் கையெழுத்துல இந்தத் தாள் கெடுறதுக்கு, பொகையாப் போறது எவ்வளவோ தேவலாம்'னான். சொல்லிட்டுச் சிரிச்சான்."

"எப்படிச் சிரிப்பாரு?"

"சத்தமே வராது. தோள் மட்டும் குலுங்கும். இப்படி." எண்பத்திரண்டு வயதுக் கிழவர் சவக்குழி ஓரத்தில் நின்றுகொண்டு தோளைக் குலுக்கிக் காட்டினார். பக்கத்தில் நின்ற ராணுவச் சிப்பாய்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராயிசா கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"இன்னொரு தடவ" என்றாள்.

அவர் இன்னொரு தடவை காட்டினார். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "அறுபது வருஷமா எங்கப்பான்னா எனக்குக் 'காணவில்லை'ங்கற ஒரு வார்த்தைதான் சித்தப்பா. இன்னிக்கு எங்கப்பா சிரிச்சிருக்காரு, நக்கலடிச்சிருக்காரு. நீங்க பேசாமலே போயிருக்கலாம். போகல. உங்களுக்குக் கோடி நன்றி."

சித்தப்பா என்ற சொல் காதில் விழுந்ததும் குளாஃபிரா கோட்டை விட்டுவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

நெல்லி ஆளுக்கொரு குவளையில் வோட்கா ஊற்றி, இறந்தவருக்குப் படைக்கும் வழக்கப்படி தீஹனுக்கான குவளையைக் கறுப்பு ரொட்டித் துண்டால் மூடி மண்மேட்டில் வைத்தாள். குடித்துவிட்டு ராயிசா சொன்னாள்: "எங்கம்மா சாகிற வரைக்கும் அவரத் திட்டிக்கிட்டேதான் இருந்தா. ரெண்டு பல்லு போன அவளோட சீப்ப எடுத்துட்டுப் போயிட்டாராம். 'மொட்டைத் தலையனுக்குச் சீப்பு எதுக்கு? திரும்பி வரட்டும், கேக்கறேன்'னு சொல்லிக்கிட்டே இருப்பா. போன வருஷம் ஆஸ்பத்திரிப் படுக்கையிலகூடச் சொன்னா."

எஃபிம் லுகிச் குவளையைக் கீழே வைத்தார். கோட்டின் உள்பைக்குள் கை போனது. தலையில் முடி இருந்தவரை தினமும் வாரிக்கொண்டது, முடி போன பிறகும் இருபது வருஷமாக அந்தப் பையை விட்டு எடுக்காதது. விரல்கள் அதைச் சட்டைக்கைக்குள் தள்ளின.

"ராயிசா தீஹனவ்னா" என்று அப்பன் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார். "ஒரு வெளையாட்டு தெரியுமா? பாக்காம மாத்திக்கிறது. கையில இருக்கிற ஒண்ண ஒளிச்சு வெச்சுக்கணும், நானும் வெச்சுக்குவேன், ஒரே நேரத்துல மாத்திக்கணும். அப்புறம் திருப்பிக் கேக்கக்கூடாது."

"எங்கிட்ட இந்தக் கரண்டிதான் இருக்கு."

"அது போதும். சொல்லக்கூடாதும்மா, வெளையாட்டே கெட்டுப் போயிரும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு சின்னப் பிள்ளையைப் போல முதுகைத் திருப்பிக் கரண்டியைக் கோட்டுக்கைக்குள் செருகினாள். திரும்பிக் கையை நீட்டினாள். கிழவரும் நீட்டினார். சட்டைக்கையோடு கோட்டுக்கை உரச, அலுமினியம் சில்லென்று அவர் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது. ராயிசா தன் கையை வெளியே எடுக்கவில்லை. கோட்டுத் துணிக்குள்ளே அவள் கட்டைவிரல் எதையோ தடவிக்கொண்டு மெல்ல நகர்வது தெரிந்தது. ஒவ்வொரு பல்லாக நகர்ந்து, பல் இல்லாத இடத்துக்கு வந்ததும் நின்றது.