கத்தி பிடிக்கும் கை

பட்டினப்பாக்கம் சந்தையில் மீன் வெட்டும் ஏசுராஜிடம் அன்று காலையிலிருந்து யாரும் வரவில்லை. செய்யாத கொலைக்காகப் பல வருடம் சிறையில் கிடந்து, மேல்முறையீட்டில் விடுதலையானவன் அவன். அந்த வழக்கைப் பற்றி முந்தின நாள் வெளியான ஆவணப்படமோ, "அப்படியானால் கொன்றது யார்?" என்று அவன் முகத்தைக் காட்டி முடித்திருந்தது. கத்தியைத் தொடவே கூசி, மாதாவை வேண்டியபடி உட்கார்ந்திருந்தான்.

வாடிக்கைக்காரி முத்துலட்சுமி வஞ்சிரத்தை அவன் முன்னால் வைத்தாள்.

"படம் பாத்தீங்களாக்கா?" என்றான் மெதுவாக.

"பாத்தேன், பாத்தேன். உன் வேஷத்துல நடிச்சானே ஒருத்தன், கத்தி பிடிக்கிற லட்சணமாப்பா அது? ஒரு மத்தி மீனக்கூட ஒழுங்கா வெட்ட மாட்டான்!"

ஏசுராஜுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணும் நிறைந்தது.

"சிரிச்சது போதும். தலையைத் தனியாப் போடு, குழம்புக்கு."

"மாதாவே" என்று மூச்சுவிட்டுக் கத்தியை எடுத்தான். அவளுக்குப் பின்னால் இன்னும் இருவர் பையோடு வந்து நின்றார்கள்.