ஹெல்யாவின் இடது பின்சக்கரம்

வாகனச் சோதனை நிலையத்தில் ஹெல்யாவின் பழைய காரை உருளைகள் மேல் ஏற்றிப் பார்த்த இளைஞன், பின்பக்க பிரேக் இரண்டும் சமமாக இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டான். வலது சக்கரம் நன்றாகப் பிடிக்கிறது, இடது அதில் பாதிகூடப் பிடிக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் சரிசெய்து கொண்டுவர வேண்டும். அவள் நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள். என் கணவர் இறந்தபின் அவருடைய ஷெட்டில் ஜாக்கியும் கருவிகளும் சும்மா கிடந்தன.

எங்கள் ஊர் ரிஸ்தியார்வியில் கார் பழுதென்றால் எல்லோரும் போவது வெய்யோவின் பட்டறைக்கு. ஹெல்யா அங்கே போக முடியாது. வெய்யோ அவளுடைய முன்னாள் கணவன்.

அவன் வீட்டை விட்டுப் போவதற்குச் சில வாரங்கள் முன்புதான் இந்தக் காரின் பின் பிரேக்குகளைப் பிரித்துப் புதுசு போட்டான். அதற்கடுத்த பிப்ரவரியில் ஏரிக்கரைச் சாலையில் ஒரு கலைமான் குறுக்கே வர, ஹெல்யா பிரேக்கை மிதித்தாள். கார் வலது பக்கம் சுழன்று பள்ளத்தில் இறங்கியது. மணிக்கட்டு முறிந்தது. காரை டிராக்டர் வைத்து இழுத்து மேலே கொண்டுவந்தவனும் வெய்யோதான். இழுத்துவிட்டு, பெட்ரோல் பங்க் காபிக்கடையில் உட்கார்ந்து, சொந்தக் காரையே நேராக ஓட்டத் தெரியாதவளை நம்பி பிள்ளைகளை அனுப்புகிறீர்களே என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னான். ஹெல்யா அப்போது பள்ளிக்கூட டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தாள். பனிக்காடு முழுக்கப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி ஒரு கீறல் விழாமல் ஓட்டியவள். ஆனால் முதலில் இரண்டு வீட்டில் பயந்தார்கள், பிறகு எல்லோரும் பயந்தார்கள். கை ஆறி வந்தபோது வேலை இல்லை. என்னோடு பள்ளிச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்க வந்தாள்.

அவன் சொன்னதை அவளே நம்பிவிட்டாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நான்தான் பதறிப்போய் மிதிச்சிருப்பேன்" என்று கிழங்கைப் பார்த்துக்கொண்டே சொல்வாள்.

ஷெட்டில் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தினோம். நான் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தேன், அவள் சக்கரத்தைக் கையால் சுற்றினாள். வலது அசையாமல் நின்றது. இடது உரசிக்கொண்டே சுற்றியது. சக்கரத்தோடு சுற்றும் டிரம்மைக் கழற்றினாள். எண்ணெய்க் கசிவு இல்லை. டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவின் லைனர் தடிமனாக, புதுசு மாதிரி இருந்தது. பிரேக் எண்ணெய் இரண்டு பக்கமும் தடையில்லாமல் வந்தது. இடைவெளிதான் அதிகம் என்று அட்ஜஸ்டரைத் திருகி, ஷூ டிரம்மைத் தொடும்வரை விரித்து மூடினாள். இரண்டு சக்கரமும் ஒரே மாதிரி பிடித்தன. அவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மறுநாள் மாலை திரும்பி வந்தாள். கடைக்குப் போய் வருவதற்குள் பழையபடி ஆகிவிட்டதாம்.

மறுபடி பிரித்தோம். அந்த வகை பிரேக்கில், மிதிக்க மிதிக்க அட்ஜஸ்டரில் இருக்கும் ஒரு பல்சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, தேய்ந்த அளவுக்கு ஷூவைத் தானே விரித்துக் கொடுக்கும். இது விரிக்கவில்லை, சுருக்கிக்கொண்டிருந்தது. அவள் வலது பக்கத்தையும் பிரித்து இரண்டு அட்ஜஸ்டர்களையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இடதும் வலதும் எதிரெதிர்த் திசையில் மரை வெட்டியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே திசையில் இருந்தன.

"ரெண்டுமே வலது பக்கத்துது" என்றாள்.

நான் புரியாமல் பார்த்தேன்.

"ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் இடது பிரேக் தன்னைத்தானே தளர்த்திக்கிட்டிருக்கு. நான் ஒழுங்காத்தான் ஓட்டியிருக்கேன். அந்த மானைப் பார்த்து ஒழுங்காத்தான் மிதிச்சிருக்கேன்."

அழுவாள் என்று நினைத்தேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, காபி இருக்கிறதா என்று கேட்டாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. குளிர்ந்துபோய், ரொம்பத் தெளிவாக இருந்தது.

இடது பக்கத்துக்கான சரியான பாகத்தை வரவழைத்துப் போட்டாள். சோதனை நிலையத்தில் அதே இளைஞன் உருளைகள் மேல் பார்த்து, இப்போது குறை சொல்ல ஒன்றுமில்லை என்றான். எனக்கு அது போதும் போல இருந்தது. அவளுக்குப் போதவில்லை.

வியாழக்கிழமை, எங்கள் பக்கத்தில் எல்லாக் கடையிலும் பட்டாணி சூப் நாள். காபிக்கடையில் பாதி ஊர் உட்கார்ந்திருக்கும். வெய்யோ வழக்கம்போல ஜன்னலோர மேசையில் ஆட்களைச் சுற்றி உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தான். ஹெல்யா சூப்பை வாங்கிக்கொண்டு நேராக அவன் எதிரே போய் உட்கார்ந்தாள். நான் பின்னாலேயே நின்றேன். பையிலிருந்து, இடது பக்கத்திலிருந்து கழற்றிய அந்த அட்ஜஸ்டரை எடுத்து அவன் ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஒரு சந்தேகம் வெய்யோ. உனக்குத்தான் தெரியும்னு எல்லாரும் சொல்றாங்க. இது எந்தப் பக்கத்துது?"

அவனுக்கு அது பிடித்திருந்தது. கையில் எடுத்து உருட்டிப் பார்த்தான். "வலது. மரையைப் பார்த்தாலே தெரியாதா?"

"இதை இடது பக்கம் போட்டா?"

"எந்த முட்டாள் போடுவான்? ஒரு மாசத்துல அந்தப் பக்கம் பிரேக்கே இருக்காது." சுற்றிப் பார்த்துச் சிரித்தான். "ஐஸ்ல மிதிச்சா நேரா பள்ளத்துலதான்."

"இது என் கார்ல இடது பக்கம் இருந்துச்சு" என்றாள் ஹெல்யா. "நீ போட்டது."

பக்கத்து மேசைகளில் தலைகள் திரும்பின. அவன் முகம் மெல்லச் சிவந்தது. அங்கே வாயை மூடியிருந்தால் மறதி, கைத்தவறு என்று ஊர் விட்டிருக்கும். ஆனால் வெய்யோவுக்குத் தவறு செய்தவன் என்ற பெயரைத் தாங்க முடியாது.

"கைத்தவறு ஒண்ணும் இல்ல. கடையில அன்னைக்கு இடது பக்கத்துது கிடைக்கல. கொஞ்ச நாளைக்கு ஓடட்டும், அப்புறம் மாத்திக்கலாம்னு தெரிஞ்சேதான் போட்டேன்" என்றான்.

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது.

பக்கத்து மேசையில் கிழவர் தௌனோ இருந்தார். அவருடைய பேத்தி ஹெல்யாவின் டாக்சியில் போய்க்கொண்டிருந்தவள். முதலில் பிள்ளையை நிறுத்தியவரும் அவர்தான். அவர் தட்டைத் தள்ளிவைத்தார்.

"அப்போ அவ பள்ளத்துல கிடந்தப்பவே உனக்குத் தெரியும்" என்றார். "தெரிஞ்சுதான் எங்ககிட்ட அப்படிச் சொன்ன. என் வண்டி பிரேக்கையும் நீதானே பார்த்த?"

ஹெல்யா சூப்பைக் கடைசிக் கரண்டிவரை குடித்தாள். சூப்பில் கலக்கும் கடுகு விழுது இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று எழுந்துபோய் வாங்கிவந்தும் போட்டுக்கொண்டாள். அந்த மேசையை விட்டு அவள் எழுவதற்கு முன் அவன் எழுந்து போக வேண்டியிருந்தது.

அந்தக் கோடையில் வெய்யோவின் முற்றத்தில் நின்ற கார்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஜூலையில் ஒருநாள் அவன் என் வாசலுக்கே வந்தான். ஹெல்யா என்னோடு படியில் உட்கார்ந்து ஸ்ட்ராபெரி சுத்தம் செய்துகொண்டிருந்தாள். போனது போகட்டும், ஊர் பேசுவதை நீ சொன்னால் நிறுத்துவார்கள், இல்லையென்றால் பட்டறையை மூட வேண்டிவரும் என்று தரையைப் பார்த்தபடி கேட்டான். மன்னிப்பு என்ற சொல்லையும் எப்படியோ வெளியே கொண்டுவந்தான். எனக்கு ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது.

"நீ ஒரு குளிர்காலம் பூரா சொன்ன" என்றாள் அவள். "நான் ஒரே ஒரு நாள்தான் பேசியிருக்கேன். அதுலயும் பாதி நீ சொன்னதுதான். போ வெய்யோ."

அவன் போனான். அவள் அடுத்த ஸ்ட்ராபெரியை எடுத்தாள்.

ஆகஸ்டில் பள்ளி திறந்தபோது டாக்சி வேலையைத் திரும்பக் கொடுத்தார்கள். தௌனோ தானே வந்து கேட்டுக்கொண்டார். எந்த வழி வேண்டும் என்று கேட்டதற்கு, பட்டறைத் தெரு வழியாகப் போகும் தடத்தைத்தான் கேட்டு வாங்கினாள், கொஞ்சம் சுற்றுதான். வெய்யோ பட்டறையை மூடிவிட்டு இப்போதெல்லாம் பக்கத்து நகரமான கஜானியில் யாரோ ஒருவனிடம் கூலிக்கு வேலை பார்க்கிறான், காலையில் பஸ்ஸுக்காகப் பட்டறை வாசலில் நிற்பான். ஹெல்யா அங்கே வேகத்தைக் குறைத்து, வண்டி நிறையப் பிள்ளைகளோடு, ஹார்னை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போகிறாள். பிள்ளைகள் அவனுக்குக் கையசைக்கிறார்கள்.