வயிற்றுக்குக் கட்டிய தலைப்பாகை

ஆசுபத்திரியில் கொடுத்த வயிற்றுக்கட்டுத் துணியைப் பிள்ளை சனிக்கிழமை நனைத்துவிட்டான். துவைத்துப் போட்டது ஞாயிறு காலையிலும் காயவில்லை. ஐப்பசி மழை. கொடியில் அதை நான்கு தடவை தொட்டுப் பார்த்தேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதவேண்டும் என்பது நான் எழுதப் பழகும் மாலை வகுப்பு வாத்தியாரின் கட்டளை. தொட்டது ஐந்து தடவையாகவும் இருக்கலாம்.

என் மனைவி கெசியாவுக்கு வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு வந்தோம். புண் ஆறிவிட்டது. ஆனால் கட்டு இல்லாமல் எழுந்தால் வயிறு கழன்று விழுவதுபோல இருக்கிறதென்று இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். அந்த ஞாயிறுதான் பிள்ளைக்கு ஞானஸ்நானம். தானே தூக்கிப் போகவேண்டும் என்று அவளுக்குப் பிடிவாதம்.

"நான் தூக்கிட்டு வாரேன்ளா" என்றாள் என் மாமியார் சாரம்மாள்.

"நீ தூக்குனா உன் பேரன். நான் தூக்குனாத்தான் எம்பிள்ள."

மாமியார் ஒன்பது பெற்றவள். காற்று புகாமலிருக்க ஒன்பது தடவையும் பழைய வேட்டியை வயிற்றில் இறுக்கியவள். ஆனால் கிழித்த வயிற்றைத் தொடமாட்டேன் என்று வெளியே போய்விட்டாள்.

நான் கோர்ட்டுச் சேவகன். பெட்டியைத் திறந்து என் தலைப்பாகைத் துணியை எடுத்தேன். நர்சம்மா சொன்னதை ஏட்டில் எழுதி வைத்திருந்தேன்: மல்லாந்து படுக்கவேண்டும். கீழிருந்து மேலே சுற்றவேண்டும். சுருக்கம் விழக்கூடாது. எல்லாம் மனப்பாடம். ஆனால் ஏழு வருஷமாக அந்தத் துணியை முறுக்கியே பழகிய கை, தானாக முறுக்கிச் சுற்றி, முனையை மேலே செருகிவிட்டது.

கெசியா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது என்னதுங்க, குஞ்சம் வேற நிக்கி? துரை வாராரா?"

சிரித்தாள். உடனே "அம்மா" என்று வயிற்றைப் பிடித்தாள்.

"சிரிக்காதளா, பிரிஞ்சிரும்!"

"சிரிக்க வச்சுட்டுச் சிரிக்காதங்கிய."

கதவுக்கு வெளியே மாமியார் குரல்: "என்னளா ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. உம் மருமவன் என் வயித்தைக் கோர்ட்டுக்கு அனுப்புதாவ."

எனக்கு வியர்த்துவிட்டது. எல்லாவற்றையும் அவிழ்த்துத் தழும்பைப் பார்த்தேன். உலர்ந்துதான் இருந்தது. மறுபடியும் பார்த்தேன். பிறகு முறுக்கை எடுத்து, துணியை ஒரு சாண் அகலத்துக்கு மடித்து, இடுப்பிலிருந்து தொடங்கினேன். ஏட்டை மூடிவிட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"போதுமா?"

"இன்னுங் கொஞ்சம்."

"இப்ப?"

"ஆங். பைய விடுங்க."

எழுந்தாள். கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள். கை இரண்டையும் வீசி நடந்தாள். "குடுங்க அவனை" என்றாள்.

கோயிலில் முதல் மணி அடித்தபோது நாங்கள் தெருவில் இருந்தோம். சாரம்மாள் குடையைத் தாய்க்கும் பிள்ளைக்கும் பிடித்தபடி, மற்றக் கை எந்த நேரமும் நீளத் தயாராக நடந்தாள். பாதி வழியில் பிள்ளை பெரிய மனிதனைப்போலத் தும்மினான். கெசியா நின்று, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அவள் கை பிள்ளையை விட்டு வயிற்றுக்குப் போகவில்லை.

வெறும் தலையில் தூறல் விழ, நான் பின்னால் நடந்தேன்.